உயிரெழுத்து இல்லாத சொல்

ஏழாம் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நமக்கெல்லாம் இப்போது முழங்கால் வலி வந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் மருந்துச் சீட்டை வாசிக்க முடிவதில்லை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தபோது உங்களில் ஒருத்தி கேட்டாள், அந்த மழைக்காலம் முழுக்க நீ எங்கேடி போயிருந்தாய் என்று. பெரியபிள்ளை ஆகிவிட்டேன் என்றேன். அதற்கு ஒரு தவணை முழுக்கவா என்றாள். பந்தியில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு மனம் கேட்கவில்லை.

அப்போது எங்கள் தோட்டம் ஓப்பநாயக்கவுக்கும் பலாங்கொடைக்கும் நடுவில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. சண்டை வடக்கிலும் கிழக்கிலும்தான். ஆனால் கொழும்பில் ஒரு குண்டு வெடித்தால் நாங்கள் டவுன் கடையில் தமிழில் பேசமாட்டோம். சிங்களம் எல்லோருக்கும் சரளமாக வரும் என்பதால் சமாளித்துக்கொள்வோம். அடையாள அட்டை கேட்டால்தான் சமாளிக்க முடியாது. லயத்து வரிசை வீடுகளில் பிறந்த பலருக்குப் பிறப்புப் பதிவே கிடையாது. பதிவு இல்லாமல் அட்டை இல்லை.

அம்மாவுக்கு ஒரு தம்பி, அதற்கும் கீழே ஒரு தங்கை. மாமா கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கினார். சித்தி ஒரு வயதான எஜமானியம்மாவின் வீட்டில் வேலைக்கு இருந்தாள், நோனா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். இரண்டு பேருக்கும் அட்டை கிடையாது. அந்த வருஷம் மழை தொடங்கும்போது கொழும்பில் ஏதோ வெடித்தது. மாமா தங்கியிருந்த அறையைச் சுற்றிவளைத்து, அட்டை இல்லாதவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதே வாரம் நோனாவின் தெருவிலும் பொலிஸ் வந்து, அட்டை இல்லாத ஆட்களை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நோனாவின் உறவுக்காரர் ஒருவர் சித்தியைத் தன் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து எங்கள் ரோட்டு முனைவரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். காரில் வந்ததால் வழியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து நான் வயதுக்கு வந்தேன்.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சு கட்ட வேண்டும், தாய்மாமன் கொண்டுவரும் உடுப்பை உடுத்திக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். எங்கள் மாமா எந்த ஸ்டேசனில் இருக்கிறார் என்பதே தெரியவில்லை. அம்மா எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் பின்மூலையில் கயிறு கட்டி, அதில் தன் பழைய சேலை இரண்டைத் தொங்கவிட்டாள். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு தம்ளர், தலைமாட்டில் உலக்கை. மாமா வரும்வரை இதுதான் என்றாள். மாமா எப்போது வருவார் என்று கேட்டதற்கு, கயிற்றை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினாள்.

சித்தியையும் அந்தச் சேலைக்குப் பின்னால்தான் வைத்தார்கள். எனக்குத் துணை என்று லயத்தில் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் அப்பாவுக்குப் பயம். அட்டை இல்லாத பெண் ஒருத்தி கொழும்பிலிருந்து வந்திருக்கிறாள் என்று யாராவது போய்ச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? பகலில் வாசல் திண்ணை, இஸ்தோப்புப் பக்கம் தலையைக் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். அப்பாவுக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ராத்திரி ஷிப்ட். பகலெல்லாம் முன்பக்கத்தில் தூங்குவார். சேலைக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேர். முழங்கை நீளத்தில் ஒரு பலகை ஜன்னல். அதைத் திறந்தால் எதிர்மலையும் மழையும் தெரியும். உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் ஈரத்துணியும் சேர்ந்த ஒரு வாடை அந்த மூலையில் எப்போதும் இருக்கும். இன்றைக்கும் நல்லெண்ணெய் போத்தலைத் திறந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

சித்தி கொழும்பிலிருந்து கொண்டுவந்த பையில் இரண்டு பாவாடை, ஒரு சோப்பு, ஒரு தட்டையான பெட்டி. பெட்டிக்குள் கட்டம் போட்ட பலகையும், ஒரு நீலத் துணிப்பை நிறைய மரவில்லைகளும். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு இங்கிலீஷ் எழுத்து, மூலையில் சின்னதாக ஒரு எண். இரண்டு வில்லைகள் தொலைந்து, அவற்றுக்குப் பதிலாகச் சட்டைப் பொத்தான்களில் நகப்பூச்சால் எழுத்துப் போட்டிருந்தார்கள். எழுத்துகளைக் கோத்துச் சொல் உண்டாக்க வேண்டும், எண்களைக் கூட்டினால் புள்ளி. நோனாவும் அவருடைய கணவரும் ஆயுள் முழுக்க விளையாடிய விளையாட்டு. கணவர் இறந்தபிறகு எதிரே உட்கார ஆள் இல்லை. சித்தி எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படித்தவள், எழுத்து தெரியும். அது போதும் என்று நோனா அவளை உட்காரவைத்துவிட்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த சொற்களை வைத்தேன். பூனை, பாய், பேனா, எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் மூன்றே எழுத்து. சித்தி வைத்தவை நான் கேள்விப்படாதவை. இஸட், ஏ, எக்ஸ். அதை ஸாக்ஸ் என்றாள். கூரைக்குப் போடும் கல்லைச் செதுக்குகிற வெட்டுக்கத்தியாம். கியூ, ஏ, டீ. அது எங்கோ அரபு நாட்டில் வெற்றிலை மாதிரி மெல்லுகிற இலை. வீ, யூ, ஜீ என்று வைத்துவிட்டு, பாறைக்குள்ளே கல் பூத்திருக்கிற பொந்துக்கு இப்படிப் பெயர் இருக்கிறது, நம்ம ஊரில் மாணிக்கக் கிடங்கு தோண்டுகிறவர்களுக்கே தெரியாது என்றாள். ஏயும் ஐயும் சேர்த்து வைத்தால் மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நாள் முழுக்கத் தூங்குகிற ஒரு மிருகம். முன்பக்கம் அப்பாவின் குறட்டை கேட்டது. நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அதற்குப் பிறகு எங்களுக்குள் அப்பாவுக்கு அதுதான் பெயர்.

இந்தச் சொற்களை யாரும் பேச்சில் சொல்ல மாட்டார்கள் என்று நோனாவே சொல்லியிருக்கிறாராம். விளையாடுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்தவை. சித்தியிடம் அப்படி எத்தனையோ இருந்தன. ஆனால் என் இங்கிலீஷ் பாடப்புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னால் அவளால் முடியவில்லை. வாக்கியம் என்று ஒன்று அவளிடம் இல்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, வடிவமும் அர்த்தமும் எண்ணுமாக அவள் தலைக்குள் இருந்தது. எனக்கு அது அப்போது வேடிக்கையாக இருந்தது. அப்பாவுக்கு அது தெரியவே தெரியாது. கொழும்பு நோனா வீட்டில் இருந்த மச்சினிக்கு இங்கிலீஷ் தண்ணி மாதிரி ஓடுகிறது என்று ஸ்டோரில் பெருமையடித்துக்கொண்டிருந்தார். ஒளித்துவைக்க வேண்டிய ஆளைப் பற்றி யாராவது பெருமையடிப்பார்களா? அப்பாவுக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யத் தெரிந்தது.

ஒரு நாள் சித்தி சீ, டபிள்யூ, எம் என்று மூன்று எழுத்தை வைத்தாள். கூம் என்று வாசித்தாள். மூன்று பக்கமும் மலை சூழ்ந்து, ஒரே பக்கம் மட்டும் திறந்த பள்ளமாம். பலகை ஜன்னலைக் காட்டி, நம்ம தோட்டம்தான் என்றாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இங்கிலீஷ் டீச்சர் சொல்லித்தந்த ஐந்து உயிரெழுத்தில் ஒன்றுகூட அதில் இல்லை.

"உயிர் இல்லாம வெறும் மெய் எப்படி சித்தி நிக்கும்?"

"நிக்குதே. நாம இங்க நிக்கலையா?" என்றாள்.

இப்படியே நாட்கள் போயின. சேலைக்கு அந்தப் பக்கம் பெண்கள் வந்து என்னைப் பற்றி விசாரித்துவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மலைப்பாதையில் கத்திக்கொண்டு போவது கேட்கும். உங்கள் குரல்களை நான் அடையாளம் கண்டிருக்கிறேன். கூப்பிட ஆசையாக இருக்கும், ஆனால் வாய் வராது. மழையில் சுவர் வியர்த்தது. என் பாவாடை எதுவும் சரியாகக் காயவில்லை. சாயங்காலத்தில் சில நேரம் காரணமில்லாமல் அழுகை வரும். அப்போது சித்தி நீலப்பையைக் குலுக்கி என் முன்னால் நீட்டுவாள்.

அவர்கள் ஒரு மத்தியானம் வந்தார்கள். ஜீப் சத்தம் கேட்டதும் அப்பா எழுந்து ஓடியது தெரிந்தது. கங்காணி முன்னால் வர, ஒரு இன்ஸ்பெக்டரும் கொன்ஸ்தாபிள்மார்களும் இரண்டு ஆமிக்காரர்களும் ஒவ்வொரு காம்பராவாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். புது முகங்களைத் தேடுகிறோம் என்றார்கள். எங்கள் வாசலில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, மகள் பெரியபிள்ளையாகி உள்ளே இருக்கிறாள் என்று சிங்களத்தில் கெஞ்சினார். அவர்களிடமும் அந்த வழக்கம் உண்டு. இன்ஸ்பெக்டர் சப்பாத்துக் காலை வாசலிலேயே நிறுத்திவிட்டு, சேலையைத் தொடாதே என்று கொன்ஸ்தாபிளிடம் சொன்னார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. பிறகு, உள்ளே வேறு யார் இருந்தாலும் வெளியே வரட்டும் என்றார்.

சித்தி எழுந்து போனாள். சேலை விலகியதில் பாயில் கிடந்த பலகையை அவர் பார்த்துவிட்டார். அதைக் கொண்டுவா என்றார். ஆட்டம் பாதியில் இருந்தது. எழுத்துகள் கலைந்துவிடாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள்.

சேலை இடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டருக்கு நடுத்தர வயது, மழையில் நனைந்த தொப்பி. குனிந்து நெடுநேரம் பலகையைப் பார்த்தார். எழுத்துகள், எண்கள், பொத்தான்கள். இது என்ன என்று கேட்டார். இங்கிலீஷ் விளையாட்டு என்றாள் சித்தி. அவர் நம்பாத மாதிரி அப்பாவைப் பார்த்தார். அப்பா காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு முந்திக்கொண்டார். கொழும்பில் பெரிய இடத்தில் இருந்த பிள்ளை, நல்ல இங்கிலீஷ் பேசுவாள் சார் என்றார்.

கொழும்பு என்ற சொல் காம்பராவில் விழுந்ததும் கொன்ஸ்தாபிள்மார் நிமிர்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் சித்தியிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். வேகமாகக் கேட்டார். ஏன், எப்போது என்ற இரண்டு சொல்தான் எனக்குப் பிடிபட்டது. சித்தி நின்றாள். மறுபடி கேட்டார். அவள் உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. அட்டை எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். அட்டை இல்லை என்றாள். இங்கிலீஷ் தெரியும் என்கிறார்கள், ஒரு வார்த்தை பேச வரவில்லை, ஆனால் பலகை நிறைய இங்கிலீஷ் எழுதி வைத்திருக்கிறாய், இது எப்படி என்றார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது.

பிறகு, அன்றைக்கும் சித்தி வைத்திருந்த அந்த மூன்று எழுத்தின்மேல் விரலை வைத்தார். சீ, டபிள்யூ, எம்.

"இது என்ன இயக்கம்?"

உங்களுக்கு நினைவிருக்கும், அது மூன்றெழுத்து நான்கெழுத்து இயக்கப் பெயர்களின் காலம். அப்படி ஒரு பெயரைச் சத்தமாகச் சொன்னாலே ஆளைப் பிடிப்பார்கள். அது இயக்கம் இல்லை, ஒரு சொல், மலைகளுக்கு நடுவே இருக்கிற பள்ளம் என்று சித்தி சிங்களத்தில் சொன்னாள். இன்ஸ்பெக்டர் கொன்ஸ்தாபிள்மாரைத் திரும்பிப் பார்த்தார். ஒருவன் தலையை ஆட்டினான், கேள்விப்பட்டதில்லை என்று. உயிரெழுத்து இல்லாமல் இங்கிலீஷில் சொல் கிடையாது, அதைப் பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லித்தந்தார்கள் என்றார் இன்ஸ்பெக்டர். அதையேதான் நானும் கேட்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் பலகையைக் காட்டினார். விளையாட்டுத்தானே, விளையாடிக் காட்டு என்றார். யாரோடு விளையாடுவாய் என்று கேட்டபோது சித்தி சேலைப் பக்கம் திரும்பினாள். அவள் வரக்கூடாது சார், தண்ணி ஊத்தல என்று அப்பா அழுகிற குரலில் சொன்னார். அப்படியானால் இவள் ஸ்டேசனுக்கு வந்து விளையாடட்டும் என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் சேலையை விலக்கிக்கொண்டு வந்தேன். தைரியத்தினால் இல்லை. மாமாவைக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. சித்தியையும் கொண்டுபோனால் அந்த மூலையில் நான் தனியாக இருக்க வேண்டும். அதைத்தான் நினைத்தேன். முகத்தில் மஞ்சள், தலையில் எண்ணெய், அவிழ்ந்த முடி. அத்தனை ஆண்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தேன். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பலகையைக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். சித்தி என்ன வைக்கப்போகிறாள் என்று பயந்துகொண்டே பார்த்தேன். இங்கிலீஷில் தேயிலை என்று வைத்தாள். அடுத்ததாக எலி. அடுத்ததாக உட்கார். இரண்டாம் வகுப்புப் பிள்ளை வைக்கிற சொற்கள். அவள் கைக்கு வந்த இஸட்டும் எக்ஸும் அப்படியே அவள் முன்னால் ஓரமாகக் கிடந்தன, அவள் அவற்றைத் தொடவே இல்லை. ஒரு சொல்லும் தெரியாதவள்போல் எழுத்துகளை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு அந்த வயதிலேயே புரிந்தது. தெரிந்ததையெல்லாம் அவள் மறைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கட்டத்தில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இன்ஸ்பெக்டர் என் பின்னால் வந்து குந்தி உட்கார்ந்தார். என் எழுத்துகளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு அவரே என் வில்லைகளை எடுத்து, பலகையில் இருந்த ஒரு எழுத்தைச் சேர்த்துக்கொண்டு, கூலி என்று வைத்தார். சீ, ஓ, ஓ, எல், வை. நல்ல இங்கிலீஷ் சொல், டிக்ஷனரியில் இருக்கிறது என்றார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு செய்தார் என்று சொல்ல மாட்டேன். எழுத்து அமைந்தது, வைத்தார். அப்பா தனக்குத் தெரிந்த ஒரு சொல் வந்துவிட்டதில் முகம் மலர்ந்தார். சித்தி எண்களைக் கூட்டிவிட்டு, "பத்து, மாத்தயா" என்றாள், ஐயா என்கிற மாதிரி.

அதற்குப் பிறகு அவர் என் பக்கம் விளையாடினார். நாங்கள் ஜெயித்தோம். பாப்பா ஜெயித்துவிட்டாள் என்று சித்தி சொன்னபோது அவர் சிரித்தார். பெட்டியை ஜீப்பில் வைக்கச் சொன்னார். சித்தி ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்டேசனுக்கு வந்து கையொப்பம் போட வேண்டும், வராவிட்டால் தேடி வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜீப் சத்தம் தேய்ந்தபிறகு சித்தி ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, சேலைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அம்மா மலையிலிருந்து வந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். பொலிஸ்காரன் முன்னால் மஞ்சளோடு வந்து உட்கார்ந்த பெண்ணை நாளைக்கு யார் எடுப்பார்கள் என்றாள். லயத்துப் பெண்களும் அதையேதான் பேசினார்கள். சித்தியை ஜீப்பில் ஏற்றாமல் போனார்களே என்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மாமா மழை குறைகிற சமயம் வந்தார். இந்தத் தோட்டத்தில் பிறந்தவர்தான் என்று தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் எழுதிக் கொடுத்த கடிதம் போய்ச் சேர அத்தனை காலம் ஆகியிருந்தது. வாசலில் நின்றவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முன்பல் ஒன்று இல்லை. வெறுங்கையோடு வந்திருந்தார். அப்பா வாங்கி வைத்திருந்த பாவாடை சட்டையை அவர் கையில் கொடுத்து, அவர் கொடுத்ததுபோல் எனக்குக் கொடுத்தார்கள். ஓலை கொண்டுவந்து கட்டி, அன்றைக்கே பிரித்தார்கள். தண்ணீர் ஊற்றும்போது மாமாவின் கை என் தலைமேல் பட்டது. ஊற்றி முடித்ததும் சொம்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

வெளியே வந்துவிட்டேன், ஆனால் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. நடந்தது அடங்கட்டும் என்றார் அப்பா.

இதற்குள் சித்தியின் சனிக்கிழமைகள் வேறு மாதிரி ஆகியிருந்தன. இன்ஸ்பெக்டருக்கு ஒரு மகள். என் வயதுதான். வாதக் காய்ச்சல் வந்து, இதயம் பலவீனம் என்று படுக்கையை விட்டு இறங்கக் கூடாதென்று டொக்டர் சொல்லியிருந்தார். பறித்துக்கொண்டு போன பெட்டியை அவர் மகளிடம் கொடுத்திருக்கிறார். அவளோடு விளையாட ஆள் இல்லை. கையொப்பம் போட்ட பிறகு குவார்ட்டர்ஸுக்கு வந்து பிள்ளையோடு விளையாடிவிட்டுப் போ என்று சித்தியிடம் சொல்லியிருந்தார்.

பொலிஸ் குவார்ட்டர்ஸுக்குள் ஒரு தமிழ்க் குமரி போய் ஒரு மணித்தியாலம் கழித்து வந்தால் லயம் என்ன பேசும்? எல்லாம் பேசியது. அவள் பொலிஸுக்கு ஆள்காட்டி என்றார்கள். அதைவிடக் கேவலமாகவும் சொன்னார்கள். எங்கள் லயத்துத் தண்ணீர்ப் பீலியில் அம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். அம்மாவே பாதி நம்பினாள். அதை அவள் சாகும்வரை ஒப்புக்கொள்ளவில்லை. மாமா ஒரு சாயங்காலம் சித்தியின் வழியை மறித்துக்கொண்டு நின்றார். என்னை அடித்தவனுடைய உடுப்பும் இவனுடைய உடுப்பும் ஒன்று, அவன் பிள்ளைக்கு நீ விளையாட்டுக் காட்டுகிறாயா என்று கேட்டார். வந்ததிலிருந்து அவர் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

சித்தி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"உன்னையப் புடிச்சப்ப உங்கிட்ட அட்டை இருந்துச்சாண்ணே?"

"இல்ல."

"அதுக்குத்தான் போறேன்."

மாமா வழியை விட்டார். ஆனால் அதன்பிறகு அவளோடு பேசவில்லை. பேச்சை அடக்குவதற்காக அம்மா என்னையும் அவளோடு அனுப்பத் தொடங்கினாள்.

குவார்ட்டர்ஸில் எல்லாப் பலகணியும் மூடியிருக்கும். காற்று பட்டால் பிள்ளைக்கு ஆகாது. டெட்டோல் வாடையும் கஞ்சி வாடையும். கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே அந்தப் பெண் வெளுத்துப்போய் உட்கார்ந்திருப்பாள். உள்ளே நுழைந்ததுமே எனக்கு என் சேலை மூலை நினைவுக்கு வந்தது. அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. எங்கள் பெட்டி அவள் மடியில் இருந்தது. சித்தி அவளோடும் எலி, உட்கார், தேயிலை என்றே விளையாடினாள். டிக்ஷனரியில் இருக்கிற சொல் மட்டும்தான் என்பது இன்ஸ்பெக்டரின் உத்தரவு. அவர்கள் வீட்டில் இருந்தது பள்ளிக்கூடத்து டிக்ஷனரி, சின்னது.

ஒரு சனிக்கிழமை அந்தப் பெண்ணுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை. எரிச்சலில் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். சித்தி வாசலைப் பார்த்துவிட்டு, குனிந்து அவள் காதில் சொன்னாள், விக்கலுக்கு ஒரு இங்கிலீஷ் சொல் இருக்கிறது, மூன்றே எழுத்து, யெக்ஸ் என்று. சொல்லி முடிக்கவும் அவளுக்கு ஒரு விக்கல் வரவும், அதுவும் யெக்ஸ் என்றே கேட்டது. அந்தப் பெண் சிரிக்கத் தொடங்கினாள். நானும் சிரித்தேன். சமையலறையிலிருந்து அவளுடைய அம்மா கரண்டியோடு ஓடிவந்து நின்று பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பிள்ளை சிரித்து எத்தனை நாளாயிற்றோ.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வீட்டில் இருந்தார். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தார். அவர் மகள் வை, ஈ, எக்ஸ் என்று வைத்தாள். சித்தி பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் டிக்ஷனரியை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். இல்லை. மகளைப் பார்த்தார். அது விக்கல் தாத்தா, உங்களுக்குத் தெரியாதா என்றாள் அவள் சிங்களத்தில், செல்லமும் கோபமுமாக. அவர்கள் அப்பாவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சித்தியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஹரி. எத்தனை புள்ளி?" என்றார். ஹரி என்றால் சரி.

"பதின்மூணு, மாத்தயா."

போட்டுக்கொள் என்றார் மகளிடம். டிக்ஷனரியை மூடி வைத்தார். அன்றைக்கு நாங்கள் கிளம்பும்போது, உனக்குப் பிறப்புப் பதிவு இருக்கிறதா என்று சித்தியிடம் கேட்டார். இல்லை என்றாள். கிராம சேவகரிடம் போ, நான் சொல்லி வைக்கிறேன் என்றார்.

அவர் நல்லவரா என்று இத்தனை வருஷம் கழித்தும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அவர் நினைத்திருந்தால் கிராம சேவகரிடம் அந்த ஒரு வார்த்தையை முதல் நாளே சொல்லியிருக்கலாம். அவர் நினைக்காமல் இருந்திருந்தால் சித்தி இன்னும் அந்த லயத்திலேயே இருந்திருப்பாள். அவருடைய மகள் எழுந்து நடந்தாளா என்பதும் எனக்குத் தெரியாது. மாற்றலாகிப் போய்விட்டார்கள்.

பதிவு, சத்தியக் கடதாசி, தோட்டத் துரையின் கையொப்பம் என்று அலைந்து அட்டை வரும்போது வெயில் காலம். தபாலில் வந்த உறையைச் சித்தி இஸ்தோப்பில் உட்கார்ந்து பிரித்தாள். நான் எட்டிப் பார்த்தேன். படம் அவளுடையது. பெயர் சிங்களத்தில் எழுதியிருந்தது, ஆனால் அது அவள் பெயர் இல்லை. எங்கோ ஒரு எழுத்து விழுந்து, எங்கோ ஒன்று கூடி, வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயராக ஆகியிருந்தது. திருத்தக் கொடுக்க வேண்டும் என்றார் அப்பா. திருத்திவர இன்னும் எத்தனை மாதமோ என்றாள் அம்மா. சித்தி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்தை எழுத்தாகப் பார்க்கத் தெரிந்தவள் அவள். அவளுக்கு அது எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று இப்போதுதான் நினைத்துப்பார்க்கிறேன். இருக்கட்டும் என்று சொல்லி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை கிளம்பிவிட்டாள். கொழும்புக்கு என்று மட்டும் சொன்னாள். நோனாவிடமா என்று நான் கேட்டதற்கு, பார்ப்போம் என்றாள். லயத்தில் யாரும் வந்து வழியனுப்பவில்லை. அம்மா ரொட்டி சுட்டுக் கட்டிக்கொடுத்தாள், வாசலைத் தாண்டி வரவில்லை. மாமா மலைக்குப் போய்விட்டார். நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டு முனைவரை போனேன். வழியில் சித்தி ஒன்றுதான் சொன்னாள். புதன்கிழமையிலிருந்து நீ பள்ளிக்கூடம் போறே, அத்தான்கிட்ட பேசிட்டேன் என்றாள்.

அப்போது ரோட்டு முனையில் மணல் மூட்டை அடுக்கி, குறுக்கே மரத்தடுப்புப் போட்டு ஆமிக்காரர்கள் இருந்தார்கள். பஸ் வந்து நின்றதும் சித்தி ஏறி, என் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தாள். ஒரு இளம் ஆமிக்காரன் ஏறி ஒவ்வொருவராக அட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டு வந்தான். சித்தியின் முன்னால் வந்து நின்றான். அவள் அட்டையை நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு பஸ் முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெயரைச் சத்தமாக வாசித்தான். எங்கள் வீட்டில் யாரும் ஒருபோதும் கூப்பிடாத பெயர்.

"ஒவ், மம தமய்" என்றாள் சித்தி. ஆமாம், நான்தான்.

அவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினான். மரத்தடுப்பு மேலே போனது. பஸ் கிளம்பியது.